கழுத்தில்லாத சாக்ஸபோன்

பெரம்பூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்து மூன்று. குரு சீடரை "அண்ணே" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "மாஸ்டர்" என்று கூப்பிடுவார். ரயில்வே குடியிருப்புப் பக்கம் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. இவர்கள் இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

குருவின் பெயர் ஐரீன். பியானோ வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு பெரிய ஹோட்டலில் ஜாஸ் வாசிப்பார். மற்ற நாட்களில் வீட்டு மாடியில் பாடம் எடுப்பார். சீடரின் பெயர் அமலநாதன். சாக்ஸபோன் வாசிப்பவர்.

அமலநாதனின் வாசிப்பைக் கேட்காத காது தமிழ்நாட்டில் இருக்காது. அவர் பெயரைக் கேட்ட காதும் இருக்காது. சினிமாப் பாட்டுப் பதிவுகளில் இருபத்தைந்து வருடமாக வாசிக்கிறவர். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு சாக்ஸபோன் குழைந்துகொண்டு வந்து போகுமே, அது பெரும்பாலும் அவர்தான். அளவு எட்டு பார். அதாவது தாளத்தில் எட்டுச் சுற்று. ஒரு நல்ல கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

வாசித்து முடித்ததும் கருவியை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஸ்டுடியோவில் எல்லாரும் அப்படித்தான். தன் பிட் முடிந்தால் டீ. அதனால், தான் வாசித்த பாட்டில் ஒன்றைக்கூட அமலநாதன் முழுசாகக் கேட்டதில்லை.

வீட்டில் ரேடியோவில் அந்தப் பாட்டு வரும். மனைவி ரோஸ்லின் சமையலறையிலிருந்து கேட்பார்.

"இதுல நீங்க எங்க வர்றீங்க?"

"இரு, வரும்."

சரியாக வரும் நேரத்தில் குக்கர் விசிலடிக்கும். விசில் அடங்கும்போது அடுத்த சரணம் பாதி ஓடியிருக்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ரோஸ்லின் தன் வீட்டுக்காரரின் வாசிப்பைவிடக் குக்கரின் வாசிப்பைத்தான் அதிகம் கேட்டிருக்கிறார்.

இந்த எட்டு பார் பிழைப்பு அலுத்துப்போய்த்தான் அமலநாதன் ஐரீனின் மாடிப்படி ஏறினார்.

"எனக்கு ஜாஸ் கத்துக்குடுக்கணும்."

"எதுக்குண்ணே?"

"அதுல எவ்வளவு நேரம் வேணா வாசிக்கலாம்னு சொன்னாங்க."

ஐரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒருவர் தன் மனம் போன போக்கில் தனியாக வாசிக்க, மற்றவர்கள் அடியில் இருந்து தாங்கிப் பிடிப்பார்கள். அவர் முடித்ததும் அடுத்தவர் முறை. பாடமும் அப்படியே நடந்தது. அமலநாதன் வாசிக்கும்போது ஐரீன் பியானோவில் தாங்குவார். ஐரீனின் முறை வந்ததும், என்ன இருந்தாலும் இருபத்தைந்து வருடப் பழக்கம், அமலநாதன் படியிறங்கி எதிர்க் கடைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் திரும்பி வந்தவரிடம் ஐரீன் கேட்டார்.

"எங்கண்ணே போயிட்டு வர்றீங்க?"

"டீக்கு, மாஸ்டர்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

மாஸ்டருக்கும் ஒரு டீ வாங்கி வந்திருக்கலாமோ என்று அமலநாதன் நினைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வாங்கியும் வந்தார்.

அவருக்கு விரல் சுத்தம், மூச்சு சுத்தம். எழுதி வைத்ததைத்தான் வாசிப்பேன் என்று இருந்தவருக்கு எழுதாததும் வர ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மாஸ்டர், ஃபீஸ் வேற, இது வேற. உங்களுக்கு நான் குருதட்சிணை ஏதாவது குடுக்கணும்."

"இப்ப வேணாம்ணே. கேக்கும்போது மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"உயிரையே குடுப்பேன் மாஸ்டர்."

"அவ்வளவெல்லாம் வேணாம். சின்னதா ஏதாவது கேக்குறேன்."

அதன் பிறகுதான் ஆல்பம் வந்தது.

ஆசை பழையது. சொந்தப் பெயரில் ஒரு ஆல்பம். ஆனால் அமலநாதன் சுயநலக்காரர் இல்லை. தன்னை வளர்த்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. சென்னையில் காதைத் திறந்து வைத்தால் போதும், ஏதாவது ஒரு தெருவில் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாசிப்புக்கெல்லாம் மரியாதை செய்வதாக ஒரு ஆல்பம் என்று முடிவு செய்தார். வியாசர்பாடியில் டோலக் அடித்துக் கானா பாடும் காத்தவராயனைப் பிடித்தார். மயிலாப்பூர் சபாக்களில் வயலின் வாசிக்கும் வைஜயந்தியைக் கேட்டார். ராயபுரத்தில் மாதா கோயில் தேருக்கு முன்னால் டிரம்பெட் ஊதிக்கொண்டு போகும் பெலிக்ஸை அழைத்தார். மூன்று பேரும் சந்தோஷமாக வந்து வாசித்துக் கொடுத்தார்கள். ஆல்பத்துக்கு "சென்னைக்கு ஒரு சலாம்" என்று பெயர் வைத்தார்.

ஊரே போனில் பாட்டுக் கேட்கிற காலத்தில் சிடி எதற்கு என்று பலர் கேட்டார்கள். அட்டை இல்லாமல் எப்படி என்று அமலநாதன் கேட்டார். முன் அட்டையில் கடற்கரையில் சாக்ஸபோனோடு அவர் படம். கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயர். முதல் பிரதி கைக்கு வந்ததும் நேராகப் பெரம்பூருக்குத்தான் போனார்.

ஐரீன் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் கீழே யாரோ கூப்பிட்டதற்கும் எழுந்து போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அமலநாதன்தான் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாஸ்டர்?"

"ரொம்ப நல்லா வாசிச்சிருக்கீங்கண்ணே."

அமலநாதனுக்கு வாயெல்லாம் பல்.

"சென்னை எப்ப வரும்?" என்று ஐரீன் கேட்டார்.

"இதான் மாஸ்டர் சென்னை. முதல் பாட்டு வியாசர்பாடி. ரெண்டாவது மயிலாப்பூர். மூணாவது ராயபுரம்."

"அப்படியா. வாசிச்சவங்க கேட்டுட்டாங்களா?"

"வெளியீட்டு விழாவுல ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம்னு இருக்கேன்."

"முன்னாடியே குடுத்துருங்களேன். கூட உக்காந்து நீங்களும் கேளுங்க. டீ குடுத்தாங்கன்னா குடிங்க."

இது ஒரு பெரிய காரியமா என்று அமலநாதன் அடுத்த நாளே வியாசர்பாடிக்குக் கிளம்பினார்.

காத்தவராயன் வீட்டில் தடபுடலான வரவேற்பு. பக்கத்து வீட்டிலிருந்து ஸ்பீக்கர் வந்தது. ஸ்பீக்கரோடு பக்கத்து வீடும் வந்தது. காத்தவராயனின் மனைவி பச்சையம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. சாக்ஸபோன் எழும்பியது, வளைந்தது, தாவியது.

"செமயா வாசிச்சிக்கிறண்ணே," என்றார் காத்தவராயன்.

"உன்னுது எங்க வருது?" என்று பச்சையம்மா கேட்டார்.

"இரு, வரும்."

அந்த இரண்டு வார்த்தையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அமலநாதனுக்கு உறைத்தது. அதற்குள் பால் பொங்கியது. பச்சையம்மா உள்ளே ஓடினார். அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"வந்துச்சா?"

"வந்துட்டு பூடுச்சு."

"இன்னொரு வாட்டி போடுய்யா."

இன்னொரு முறை போட்டார்கள். இந்த முறை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சாக்ஸபோன் மூச்சு வாங்க நின்ற இடத்தில் டோலக் தனியாக எட்டிப் பார்த்தது. அமலநாதன் தன்னை அறியாமல் தொடையில் விரலால் எண்ணினார். எட்டு பார். அதற்குப் பிறகு மறுபடியும் சாக்ஸபோன் வந்துவிட்டது.

பச்சையம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"உன் பேரு எங்க?"

"உடன் வாசித்தவர்கள், சென்னை இசைக் கலைஞர்கள்னு போட்டுக்குது பாரு. அதான் நானு," என்றார் காத்தவராயன். குத்தலாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

பச்சையம்மா கொடுத்திருந்த டீயை அமலநாதன் குடிக்காமல் கீழே வைத்தார். பதிவு நடந்த அன்று மத்தியானம் முழுக்க காத்தவராயன் வாசித்தார். என்ன வாசித்தார் என்று அமலநாதன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஸ்டுடியோ வாசலில் அன்றைக்கு இஞ்சி டீ நன்றாக இருந்தது மட்டும் ஞாபகம் வந்தது. அப்போது பிடித்த வெட்கம் பெரம்பூர் போய்ச் சேரும்வரை அவரை விடவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் மாஸ்டர்."

"என்னண்ணே ஆச்சு?"

"அவங்களுக்கு எட்டு பார் குடுத்திருக்கேன். சினிமால எனக்குக் குடுத்த அதே எட்டு."

"அளவு மாறாம குடுத்திருக்கீங்க."

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். சிடி அடிச்சாச்சு, ஹால் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை விழா. அவங்க மூணு பேரும் மேடைக்கு வர்றாங்க. தள்ளி வெச்சிரவா?"

"எதுக்குத் தள்ளி வைக்கணும்? எல்லாரும் வரட்டும். நானும் வர்றேன்."

"வந்து என்ன பண்றது?"

ஐரீன் பியானோ மூடியைச் சாத்தினார்.

"ஹால் வாசல்ல டீக்கடை இருக்காண்ணே?"

"இருக்கு."

"அப்பச் சரி."

அமலநாதன் குழம்பிப்போய் வீடு திரும்பினார். பதில் சொல்லாத குருவைத் தேடிப் பிடித்தது தன் தலையெழுத்து என்று ரோஸ்லினிடம் புலம்பினார். அந்தப் பொண்ணு சொன்னா ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் அவருடைய புதுக் கோட்டுக்கு இஸ்திரி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் அந்த மண்டபம் நிறைந்திருந்தது. வடபழனியிலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் வந்திருந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து மூன்று ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பட்டுப்புடவைகள் ஒரு பக்கம், மாதா கோயில் கொயர்க்காரர்கள் ஒரு பக்கம். ரோஸ்லின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாலு நாற்காலி தள்ளி ஒரு இசையமைப்பாளர். அமலநாதனை இத்தனை வருடமாக "சாக்ஸ், ரெடியா?" என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். இன்றைக்கு அந்த மனிதர் கையில் இருந்த அழைப்பிதழில் அமலநாதனின் முழுப் பெயர் இருந்தது. இதற்காகத்தான் அமலநாதன் இவ்வளவு காலம் காத்திருந்தார். அதை மறைப்பானேன்.

மேடைக்குப் பின்னால் சின்ன அறையில் அவர் சாக்ஸபோனைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கருவி இரண்டு பாகம். பெரிய உடம்பு ஒன்று. அதன் உச்சியில் செருகுகிற வளைந்த சின்னக் குழாய் ஒன்று. வாய் வைத்து ஊதும் துண்டு அந்தக் குழாயில்தான் மாட்டும். அதைக் கழுத்து என்பார்கள். கழுத்து இல்லாவிட்டால் சாக்ஸபோனும் பித்தளைக் குடமும் ஒன்றுதான்.

ஐரீன் உள்ளே வந்தார்.

"அண்ணே, குருதட்சிணை."

"இப்பவா மாஸ்டர்?"

"இப்பத்தான்."

"என்ன வேணும், சொல்லுங்க."

"அந்தக் கழுத்து."

அமலநாதன் சிரித்தார். ஐரீன் சிரிக்கவில்லை. அமலநாதனின் சிரிப்பு மெல்ல வற்றியது.

"விழா முடிஞ்சதும் தர்றேனே மாஸ்டர். கருவியவே தர்றேன்."

"கேக்கும்போது மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

வெளியே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அமலநாதன் தன் புதுக் கோட்டைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. கோபமும் வந்தது.

"உயிரைக் குடுக்குறேன்னு சொன்னப்ப சுலபமா இருந்துச்சு மாஸ்டர்."

"உயிரை வெச்சு நான் என்னண்ணே பண்றது? என் பையில அதுக்கு இடம் இல்ல."

வியாசர்பாடியின் அந்த வாசற்படி அமலநாதனுக்கு ஞாபகம் வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்ற பச்சையம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அவர் கழுத்தைக் கழற்றினார். துணியால் நன்றாகத் துடைத்துக் குருவின் கையில் கொடுத்தார். ஐரீன் அதைக் குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில் செருகிப் பையின் ஜிப்பை இழுத்துவிட்டு, போய் ஆறாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

திரை விலகியது. கழுத்தில்லாத சாக்ஸபோனை மார்பில் தொங்கவிட்டபடி அமலநாதன் நின்றார். கூட்டத்தில் பாதிப் பேர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று கைதட்டினார்கள்.

"கழுத்து எங்கண்ணே?" என்று பெலிக்ஸ் காதோரம் கேட்டார்.

"மாஸ்டர் பையில."

"அப்ப யாரு வாசிக்கிறது?"

"நீங்கதான்."

பெலிக்ஸ் வைஜயந்தியைப் பார்த்தார். வைஜயந்தி காத்தவராயனைப் பார்த்தார். அமலநாதனுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. மைக்கை எடுத்தார்.

"ஆல்பம் இன்னைக்கு வெளியிடல. இப்ப இவங்க வாசிக்கப் போறாங்க, அதைப் பதிஞ்சு ஆல்பமாப் போடப் போறோம். டோலக், வியாசர்பாடி காத்தவராயன். வயலின், மயிலாப்பூர் வைஜயந்தி. டிரம்பெட், ராயபுரம் பெலிக்ஸ்."

மேடை ஓரத்தில் இருந்த ஒலிப்பதிவுக்காரர் அவசர அவசரமாக ஒரு பொத்தானை அழுத்தினார். காத்தவராயன் டோலக்கை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எம்மா நேரம்ணே?"

"உனக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவு."

"அப்பாலிக்கா நிறுத்துன்னு சொல்லக்கூடாது."

டோலக் புறப்பட்டது. அமலநாதனின் கால் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பியது. ஆனால் அத்தனை பேர் முன்னால் மேடையை விட்டு எங்கே போவது? வேறு வழியில்லாமல் நின்றார். நின்றதால் கேட்டார்.

காத்தவராயனின் இடது கை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூல் தாமதமாக விழுவது அவர் காதில் பட்டது. தப்பு என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் அது வேண்டுமென்றே செய்வது என்று புரிந்தது. பேசின் பிரிட்ஜில் ரயில் வேகம் குறைத்துத் தண்டவாளம் மாறுமே, அந்த நடை. அதை வைஜயந்தி முதலில் பிடித்துக்கொண்டார். கச்சேரியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கிற அந்த அம்மாள், அந்தத் தாமதத்தில் போய்ச் சாய்ந்துகொண்டு, ஒரு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கிள்ளி வைத்தார். காத்தவராயன் தலையை ஆட்டிவிட்டு ஒரு கானாவை எடுத்தார். செத்துப்போன ஆட்டோக்காரரைப் பற்றிய பாட்டு. ஆனால் கேட்டவர்கள் சிரித்து மாளவில்லை. பெலிக்ஸ் நடுவில் நுழையவே இல்லை. தூரத்துத் தெருவில் தேர் வருகிற மாதிரி மெல்ல ஆரம்பித்து, பாட்டு வளர வளரப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

மூன்று பேரும் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார், கேலி செய்தார், பிறகு ஒத்துக்கொண்டார். அமலநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக இப்படித்தானே ஸ்டுடியோவுக்குள் நடந்திருக்கும், நான் வெளியே டீ கிளாஸோடு நின்றிருந்தேனே என்று நினைத்தார். வருத்தமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாவது வரிசையில் பச்சையம்மா, தன் பக்கத்தில் இருந்த பட்டுப்புடவைக்காரியின் கையைப் பிடித்து, "இதான், இதான் எங்க ஊட்டுக்காரரு," என்று சொன்னார். சொல்லி முடித்த பிறகும் டோலக் போய்விடவில்லை. அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

இப்படியே பாட்டுக்குப் பின் பாட்டாகப் போனது. கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஐரீன் மேடைப் படியருகே வந்து கழுத்தை நீட்டினார். அமலநாதன் குனிந்து வாங்கிப் பூட்டிக்கொண்டார். உடனே வாசிக்கவில்லை. பெலிக்ஸ் ஒரு வரியை முடிக்கும்வரை காத்திருந்தார். வைஜயந்தி அதற்குப் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். காத்தவராயன் நிமிர்ந்து பார்த்து, டோலக்கின் சத்தத்தைத் தணித்து, தலையசைத்தார்.

அமலநாதன் வாசித்தார். மூன்று பேரும் அதுவரை பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்கிறவர் மாதிரி வாசித்தார். எட்டு பார் வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவரே நிறுத்தினார். அந்த மண்டபத்தில் குக்கர் இல்லை. ரோஸ்லின் முழுசாகக் கேட்டார்.

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. இசையமைப்பாளர் மேடைக்கு வந்து "அமலநாதன்" என்று பெயர் சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அமலநாதன் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே ஆறாவது வரிசையைப் பார்த்தார். குருவின் நாற்காலி காலியாக இருந்தது. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

வாசல் டீக்கடையில் ஐரீன் காலி கிளாஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், எப்படி இருந்துச்சு?"

"எதுண்ணே?"

"கடைசில நான் வாசிச்சது."

"அடடா. அப்ப நான் டீக்கு வந்துட்டேனேண்ணே."

வாழ்க்கையில் அமலநாதன் வாசித்ததிலேயே நல்ல எட்டு பார் அது. அவருடைய முகத்தில் ஏதேதோ வந்து போனது. கடைசியில் அவர் கேட்டார்.

"நல்லா இருந்துச்சா?"

"டீயா? நல்லா இருந்துச்சு."

அமலநாதன் சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"நான் பாதியில வந்துட்டேன்," என்றார் ஐரீன். "நீங்கதான் முழுசா கேட்டீங்க. சொல்லுங்கண்ணே, எப்படி இருந்துச்சு?"

அமலநாதன் சொல்ல ஆரம்பித்தார். காத்தவராயனின் இடது கை எங்கே தாமதித்தது என்று பெஞ்சில் தட்டிக் காட்டினார். வைஜயந்தி கிள்ளி வைத்த ராகத்தைப் பாடிக் காட்டினார். பெலிக்ஸ் எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டு எந்தத் தெரு வழியாக வந்து சேர்ந்தார் என்று கையை ஆட்டி வழி சொன்னார். எங்கே ஒருவர் இன்னொருவரைக் கேலி செய்தார், எங்கே சமாதானம் ஆனார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். பக்கத்தில் டீயின் மேல் ஆடை படிந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. மண்டபத்திலிருந்து வந்த ரோஸ்லின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

எல்லாம் சொல்லி முடித்து அவர் மூச்சு விட்டபோது ரோஸ்லின் கேட்டார்.

"உங்களோடதைச் சொல்லவே இல்லையே?"

"என்னோடதா?" என்றார் அமலநாதன். கொஞ்சம் யோசித்தார். "அட, அதை விட்டுட்டேன் பாரு."

ஐரீன் ஆறிப்போன கிளாஸை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"அண்ணனுக்குச் சூடா இன்னொண்ணு போடுங்க," என்றார். "சென்னை வந்துடுச்சு."